மாட்டு டாக்டர் ஆக ஆசையா? இந்த இடங்களில் சறுக்க வேண்டாம்

மஞ்சுவிரட்டுக் காளைகளோடு வளரும் ஊர்ப்பக்கம் இது. கால்நடை மருத்துவம் படிக்க வேண்டும் என்று சொல்லும் பிள்ளைகளுக்குக் காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் வட்டாரத்தில் குறைவில்லை. நல்ல மதிப்பெண் எடுத்தும் விண்ணப்பிக்கவே முடியாமல் நிற்பவர்களைப் பார்த்தால்தான் மனசு கேட்பதில்லை.

பெரும்பாலும் கோட்டை விடுவது பிளஸ் ஒன்னில். "கம்ப்யூட்டர் எடுத்தால் எதற்கும் உதவும்" என்று யாரோ சொல்ல, கணக்கு, இயற்பியல், வேதியியல், கணினி அறிவியல் குரூப்பில் சேர்த்துவிடுகிறார்கள். உயிரியல் இல்லாமல் கால்நடை மருத்துவப் பட்டமான பி.வி.எஸ்சி. படிப்புக்குப் போக வழியே இல்லை. இயற்பியல், வேதியியலோடு உயிரியல் வேண்டும், அல்லது தாவரவியலும் விலங்கியலும் வேண்டும். கணக்குக்குப் பயப்படாத பிள்ளை என்றால் பயோ-மேத்ஸ் குரூப்பைத்தான் நான் சொல்வேன். பொறியியலுக்கும் அதில் வழி இருக்கிறது.

அடுத்தது நீட் பற்றிய குழப்பம். "நீட் எழுதவில்லை, அதனால் இதுவும் இல்லை" என்று விண்ணப்பிக்காமலே இருந்துவிடுகிறார்கள். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் மாநில ஒதுக்கீட்டு இடங்களைப் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே நிரப்புகிறது. 15 சதவீத அகில இந்திய ஒதுக்கீட்டுக்குத்தான் நீட். அதற்கான கலந்தாய்வும் தனி. நீட் எழுதியவர்கள் இரண்டுக்கும் தனித்தனியாகப் பதிய வேண்டும். ஒன்றில் பதிந்தால் மற்றதற்கும் சேர்த்து ஆகிவிடாது.

கட்-ஆஃப் 200-க்குக் கணக்கிடுகிறார்கள். உயிரியல் முழுசாக 100, இயற்பியலும் வேதியியலும் பாதிப் பாதி. உயிரியல் 92, இயற்பியல் 84, வேதியியல் 88 என்றால் 92 + 42 + 44, அதாவது 178. இயற்பியலில் நாலு மதிப்பெண் போனால் கட்-ஆஃபில் இரண்டுதான் குறையும். உயிரியலில் போனால் நாலும் போச்சு. "பயாலஜிதானே, கடைசியில் பார்த்துக்கலாம்" என்று விடுவது இங்கே ரொம்ப விலை கொடுக்க வைக்கும்.

நம்ம ஊருக்கே உரிய ஒரு குழப்பமும் உண்டு. அழகப்பா பல்கலைக்கழகத்தில் விலங்கு நலம் மற்றும் மேலாண்மைத் துறை இருப்பதைப் பார்த்து, உள்ளூரிலேயே கால்நடை டாக்டர் ஆகலாம் என்று நினைத்துவிடுகிறார்கள். அங்கே நடப்பது வேறு படிப்பு. மருத்துவராகப் பதிவு செய்ய பி.வி.எஸ்சி. பட்டம் வேண்டும். அதற்குப் பயிற்சிக் காலத்தோடு ஐந்தரை வருடம் ஆகும். கல்லூரிகள் சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி போன்ற இடங்களில் இருக்கின்றன. விடுதிச் செலவையும் முதலிலேயே யோசித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் 7.5 சதவீத ஒதுக்கீடு. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கானது. செட்டிநாட்டில் பெரிய குடும்பங்கள் கட்டிக்கொடுத்த பழைய பள்ளிகள் நிறைய. அவற்றில் பல அரசு உதவி பெறுபவை. கட்டணம் குறைவு என்பதால் அரசுப் பள்ளி என்றே பெற்றோர் நினைத்துக்கொள்கிறார்கள். உதவி பெறும் பள்ளி இந்த ஒதுக்கீட்டில் வராது. நடுவில் இரண்டு வருடம் அங்கே படித்திருந்தாலும் சிக்கல்தான்.

சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் இரண்டையும் ரிசல்ட் வரும்வரை காத்திருக்காமல் இ-சேவை மையத்தில் முன்கூட்டியே வாங்கி வையுங்கள். பெங்களூரு, மும்பை என்று வெளியே படித்துவிட்டு வருகிற பிள்ளைகள் இருப்பிடச் சான்றையும் கையில் வைத்திருக்க வேண்டும். பெயரின் முதலெழுத்து எல்லாத் தாளிலும் ஒன்றாக இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். திருத்த நாளாகும், விண்ணப்பக் கடைசித் தேதி அதற்காக நிற்காது.