கும்பகோணம் ஃப்ளாட்டில் பாத்ரூம் எக்ஸாஸ்ட் ஃபேன்: கதவடியில் ஒரு வழி விடுங்கள்

ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டால் எங்கள் ஊரில் துவைத்த துண்டு மூன்று நாளானாலும் காயாது. அரசலாற்றுப் பக்கம் இரண்டாம் மாடியில் இருக்கிறோம். பாத்ரூம் கூரையில் கறுப்பாகப் படரும் பூஞ்சையை வருடா வருடம் சுரண்டி அலுத்துத்தான் எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டேன். போட்ட பிறகும் பத்து நாள் கண்ணாடியில் ஆவி அப்படியே நின்றது. அந்தப் பத்து நாள் உங்களுக்கு வரக்கூடாது.

முதலில் அளவு. எங்கள் பாத்ரூம் 5 அடிக்கு 7 அடி, உயரம் 9 அடி. ஏறக்குறைய 9 கன மீட்டர் காற்று. மணிக்குப் பத்து முறை காற்று மாற வேண்டுமென்றால் 90 கன மீட்டர் தள்ளும் ஃபேன் வேண்டும். பெட்டியில் போட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள். ஆறு அங்குல ஃபேன் தாராளம். பிளாஸ்டிக் உடம்பே வாங்குங்கள், துரு பிடிக்காது.

அடுத்து, வென்டிலேட்டரின் லூவர் கண்ணாடிகளைக் கழற்றி, அந்த அளவுக்கு 12 மி.மீ. பிவிசி போர்டு வெட்டி, ஃபேனுக்கு வட்டம் போடுங்கள். பிளைவுட் வேண்டாம், ஒரே மழைக்காலத்தில் உப்பிவிடும். வட்டத்தை ஜிக்சா மெஷினால் அறுங்கள். வாடகைக்கு எடுத்தாலும் பரவாயில்லை. ஃபேனின் பின்பக்க இதழ்கள் வெளிப்பக்கம் திறந்து, நிறுத்தியதும் தானாக விழுந்து மூட வேண்டும். தலைகீழாக மாட்டினால், வெளியே குழாய்கள் இறங்கும் ஷாஃப்டின் நாற்றம் உள்ளே வரும். சுற்றிலும் சிலிகான் பூசுங்கள்.

ஒயரிங்குக்கு எம்சிபியை (மின் பெட்டியில் உள்ள பிரேக்கர் சுவிட்சை) அணைத்து, டெஸ்டரால் பார்த்த பிறகே கை வையுங்கள். சுவிட்சில் ஃபேஸ் (மின்சாரம் வரும் ஒயர்) தான் போக வேண்டும், நியூட்ரல் அல்ல. கீசர் பாயின்டிலிருந்து இழுக்காதீர்கள். பழக்கம் இல்லையென்றால் இந்த வேலையை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

இப்போது என்னைப் படுத்திய இடம். ஃபேன் சுற்றுகிறது, சத்தம் வருகிறது, ஆவி மட்டும் போகவில்லை. ஃபேனில்தான் கோளாறு என்று இரண்டு முறை கழற்றி மாட்டினேன். ஒருநாள் கதவைச் சரியாகச் சாத்தாமல் குளித்தபோது ஐந்தே நிமிடத்தில் கண்ணாடி தெளிந்துவிட்டது. அப்புறம்தான் புரிந்தது. மழையில் உப்பிய மரக்கதவை மாற்றி பிவிசி கதவு போட்டிருந்தோம். அது கீழே கிரானைட் படியில் ஒட்டி உட்கார்ந்திருந்தது. உள்ளே காற்று வர வழியில்லாமல் ஃபேன் எதை வெளியே தள்ளும்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆறு அங்குல வட்டத்தின் பரப்பு சுமார் 182 சதுர செ.மீ. 75 செ.மீ. அகலக் கதவுக்கு அடியில் 2 செ.மீ. சந்து விட்டால் 150 சதுர செ.மீ. கிடைக்கும். இது போதும். மரக்கதவானால் இழைப்புளியால் சீவி, சீவிய விளிம்பில் பெயின்ட் அடித்துவிடுங்கள். எங்களுடையது உள்ளே பொள்ளலான பிவிசி கதவு, அடியை அறுத்தால் தண்ணீர் ஏறும். அதனால் கீழ்ப்பகுதியில் 30க்கு 10 செ.மீ. காற்றுக் கிரில் பதித்தேன். கிரிலின் சட்டங்கள் பாத்ரூம் பக்கம் சரிந்திருக்கட்டும், தெறிக்கும் தண்ணீர் உள்ளேயே வடியும்.

சோதிக்க ஊதுபத்தி போதும். கதவைச் சாத்தி, ஃபேனைப் போட்டு, வெளியே கதவடியில் காட்டுங்கள். புகை உள்ளே வளைந்து போனால் சரி. குளித்து முடித்தும் 20 நிமிடம் ஓடட்டும்.

பிற்சேர்க்கை: இதைப் படித்த ஒருவர், ஃபேன் இருப்பதால் கேஸ் கீசரைப் பாத்ரூமுக்குள் வைக்கலாமா என்று கேட்டார். கூடவே கூடாது. அதிலிருந்து வரக்கூடிய கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, உயிரை எடுத்துவிடும். ஃபேன் இழுக்கும் இழுப்பில் கீசரின் புகை அறைக்குள்ளேயே திரும்பவும் செய்யலாம். ஏற்கெனவே உள்ளே இருந்தால், முதலில் அதைக் காற்றோட்டமான வெளியிடத்துக்கு மாற்றுங்கள். ஃபேன் வேலையை அதற்குப் பிறகு ஆரம்பியுங்கள்.