கார்பன் சந்தையும் புதுத் தொழில்நுட்பமும்: எங்கே சறுக்குகிறோம்?

கரிம உமிழ்வுக்கு விலை வைத்தால் புதுத் தொழில்நுட்பம் தானாக வந்துவிடும் என்று எழுதுபவர்கள் அதிகம். வரும்தான். ஆனால் எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறோம் என்பதில்தான் சறுக்கல்.

உமிழ்வு குறைந்தாலே புதுமை நடந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். ஒரு கணக்கைப் பாருங்கள். ஒரு மெகாவாட் மணி மின்சாரத்துக்கு நிலக்கரி ஆலை சுமார் 0.9 டன் கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றும். நல்ல எரிவாயு ஆலை என்றால் 0.4 டன்னை ஒட்டி. இப்படி வெளியேற்ற ஆலை கையில் வைத்திருக்க வேண்டிய அனுமதிதான் உமிழ்வு உரிமம்; கார்பன் சந்தையில் வாங்கி விற்கப்படுவதும் அதுவே. அது டன்னுக்கு 20 யூரோ என்று வைத்துக்கொண்டால், நிலக்கரிக்கு 18 யூரோ, எரிவாயுவுக்கு 8. எரிபொருள் விலையும் ஒத்துவந்தால், இந்த 10 யூரோ வித்தியாசத்துக்காகவே ஆலைக்காரர் நிலக்கரி அலகை அணைத்துவிட்டு, சும்மா நிற்கும் எரிவாயு அலகை ஓட்டுவார். உமிழ்வு பாதிக்கு மேல் சரிந்திருக்கும். யாரும் எதையும் புதிதாகக் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். அமெரிக்காவில் 1995-இல் கந்தக டை ஆக்சைடு உரிம வணிகம் தொடங்கியபோதும் இதே கதைதான். புகையிலிருந்து கந்தகத்தைப் பிரிக்கும் கருவியை மாட்டுவதைவிட, வயோமிங் மாநிலத்தின் கந்தகம் குறைந்த நிலக்கரியை ரயிலில் வரவழைப்பது பல மின்நிலையங்களுக்கு மலிவாகப் போயிற்று.

இன்றைய விலையை மட்டும் பார்ப்பதுதான் என் கணக்கில் பெரிய தவறு. ஆராய்ச்சிக்குப் பணம் போடுபவர், பத்துப் பதினைந்து வருடம் கழித்து விலை எங்கே நிற்கும் என்றுதான் யோசிப்பார். ஐரோப்பிய ஒன்றியச் சந்தை 2005-இல் தொடங்கியபோது உரிமங்களை அள்ளிக் கொடுத்தார்கள். மிச்சத்தை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோகவும் வழியில்லை. 2006-இல் 30 யூரோவை எட்டிய விலை 2007 முடிவதற்குள் சில சென்ட்டுகளாகிவிட்டது. அதை நம்பி யார் ஆய்வகம் கட்டுவார்? உபரி உரிமங்களை உள்ளிழுக்கும் கையிருப்பு முறை 2019-இல் வந்தது, இலக்குகளும் இறுகின. 2023 பிப்ரவரியில் விலை 100 யூரோவைத் தொட்டது.

சரி, புதுமையை அளக்கக் காப்புரிமைகளை எண்ணிவிடலாமே என்பார்கள். எண்ணலாம், பகுதி எது, மொத்தம் எது என்று பிரித்துப் பார்த்தால். ஐரோப்பியச் சந்தையைப் பற்றி 2016-இல் வெளியான ஓர் ஆய்வில், அதற்குக் கட்டுப்பட்ட நிறுவனங்களின் குறைகரிமக் காப்புரிமைகள் (கரிம உமிழ்வைக் குறைக்கும் தொழில்நுட்பங்களுக்கானவை) 10% வரை கூடியிருந்தன. அந்த நிறுவனங்கள் சிறு பங்குதான் என்பதால், ஐரோப்பா முழுவதற்கும் கணக்கிட்டால் உயர்வு 1% அளவுதான். சீனாவில் இன்னொரு சிக்கல்: ஆழமான பரிசோதனை இல்லாமல் பதிவாகும் ‘பயன்பாட்டு மாதிரி’களையும் முறையாகச் சோதிக்கப்படும் கண்டுபிடிப்புக் காப்புரிமைகளையும் ஒன்றாகக் கொட்டி எண்ணினால் தொகை ஊதிப்போகும்.

அப்புறம், எல்லாக் கார்பன் சந்தையும் ஒன்றல்ல. சீனாவின் தேசியச் சந்தையில் 2021 ஜூலையில் வணிகம் தொடங்கியபோது மொத்த உமிழ்வுக்கு உச்சவரம்பு இல்லை. உற்பத்தியாகும் மின்சாரத்துக்கு இவ்வளவு என்ற அளவுகோல்தான். அதைவிடச் சிக்கனமாக ஓடும் நிலக்கரி ஆலைக்கு உரிமம் மிஞ்சும், விற்கலாம். ஆக அங்கே கொதிகலனைச் செம்மையாக்கத்தான் தூண்டுதல் அதிகம், காற்றாலைப் பக்கம் திரும்ப அல்ல.