நறநறத்த ஃபட்ஜ் வழவழப்பான விதம்

கிறிஸ்துமஸுக்கு நண்பர்களுக்குக் கொடுப்பதற்காகச் சென்ற ஆண்டு நான் வீட்டில் செய்த சாக்லேட் ஃபட்ஜ், பார்வைக்கு நன்றாக இருந்தாலும், வாயில் போட்டதும் மணலைக் கடித்ததுபோல் நறநறத்தது. சர்க்கரை சரியாகக் கரையவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் பாகை அடுப்பிலிருந்து இறக்கிய கையோடு, சூடு தணியும் முன்பே கிளறத் தொடங்கியதுதான் நான் செய்த தவறு. சூடான பாகைக் கிளறினால் சர்க்கரை பெரிய படிகங்களாகத் திரண்டுவிடும். ஏறத்தாழ 45 டிகிரி செல்சியஸ் வரை அசைக்காமல் ஆறவிட்டுப் பிறகு கிளறினால்தான் நாக்குக்குத் தெரியாத நுண்படிகங்கள் உருவாகும்.

துண்டுகளைத் தூக்கி எறிய மனம் வராததால், அவற்றை உடைத்து, ஒன்றரைக் கப் தண்ணீர் சேர்த்து, சிறு தீயில் ஒரு பருக்கைகூட மிஞ்சாமல் கரைத்தேன். (தண்ணீர் அதிகம்போலத் தோன்றும், கொதிக்கும்போது அது ஆவியாகிவிடும்.) பாத்திரத்தின் உட்புறத்தில் ஒட்டிய சர்க்கரையை நனைத்த தூரிகையால் வழித்துவிட்டு, கிளறுவதைக் கூடியவரை தவிர்த்து, 114 டிகிரி வரை கொதிக்கவிட்டேன், குளிர்ந்த நீரில் ஒரு சொட்டு விட்டால் மென்மையாக உருட்ட வரும் பதம் அது. அதன்பின் ஒரு மணி நேரம் பாத்திரத்தைத் தொடாமல் இருந்ததுதான், பொறுமையற்ற எனக்கு, எல்லாவற்றிலும் கடினமான வேலை. ஆறியதும் அரைத் தேக்கரண்டி வனிலா எசன்ஸ் சேர்த்து, மரக்கரண்டியால் விடாமல் கிளறி, மினுமினுப்பு மங்கத் தொடங்கியவுடன் வெண்ணெய் தடவிய தட்டில் கொட்டினேன். மறுநாள் வெட்டிய துண்டுகள் வாயில் வழவழவென்று கரைந்தன.