பீன்யா குடோனிலிருந்து அல்சூர் ஆபீசுக்கு: ராபிட்எம்க்யூவில் ஒரு பில்கூடத் தொலையாமல் இருக்க

பெங்களூரில் குடோன் பீன்யாவில், ஹெட் ஆபீஸ் அல்சூரில் என்று வைத்துக்கொள்வோம். குடோனில் பில் போட்டதும் ஹெட் ஆபீஸ் கணக்கில் சரக்கு இருப்பு குறைய வேண்டும், ஜிஎஸ்டி பதிவு ஏற வேண்டும், வாங்கியவருக்கு எஸ்எம்எஸ் போக வேண்டும். பில்லிங் மென்பொருளே இந்த மூன்றையும் நேராகக் கூப்பிட்டால், ஒன்று படுத்தாலும் வாசலில் லாரி நிற்கும். நடுவில் மெசேஜ் புரோக்கர் (செய்தியை வாங்கி வைத்து உரியவரிடம் சேர்க்கும் மென்பொருள்) வைப்பது இதற்குத்தான்.

இங்கே எடுத்துக்கொள்வது ராபிட்எம்க்யூ. 2007-ல் வந்தது, எர்லாங் என்ற நிரல் மொழியில் எழுதப்பட்டது, திறமூலம். காஃப்கா என்ற இன்னொரு மென்பொருள் வேண்டாமா என்று கூட்டத்தில் ஒருவராவது கேட்பார். பழைய செய்திகளை முதலிலிருந்து திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கும் தேவை இருந்தால் அதைப் பாருங்கள். ஒவ்வொரு செய்தியையும் ஒருவர் எடுத்து, வேலையை முடித்து, ‘ஆச்சு’ என்று சொல்ல வேண்டிய இந்த மாதிரி வேலைக்கு ராபிட்எம்க்யூவே போதும்.

செய்தி புரோக்கருக்குள் தொலைவது அபூர்வம், கைமாறும்போதுதான் தொலையும். அதனால் நிறுவலைச் சுருக்கமாக முடித்துவிட்டு அங்கே நேரம் செலவிடுவோம்.

உபுண்டுவோடு வரும் பொதி பழையதாக இருக்கும். ராபிட்எம்க்யூ குழுவின் களஞ்சியத்தைச் சேர்த்து, 4-ம் வரிசைப் பதிப்பையும் அதற்குப் பொருந்தும் எர்லாங்கையும் ஒன்றாக எடுங்கள். மேனேஜ்மென்ட் பிளகினை இயக்கினால் 15672 போர்ட்டில் நிர்வாகப் பக்கம் வரும். ‘கெஸ்ட்’ பயனர் அதே கணினியிலிருந்து மட்டுமே நுழைய முடியும். வெளியிலிருந்து நுழையவில்லை என்று அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தாதீர்கள்; கெஸ்ட்டை நீக்கிவிட்டு, ஒவ்வொரு மென்பொருளுக்கும் தனிப் பயனர் போடுங்கள். பில்லிங்குக்கு எழுத மட்டும் உரிமை, ஸ்டாக்குக்குப் படிக்க மட்டும்.

ஹெட் ஆபீசில் மூன்று நோடு (கணினி) கொண்ட கிளஸ்டர், அதாவது ஒன்றாகச் சேர்ந்து ஓடும் கூட்டம். இரண்டு போதாதா என்றால், போதாது: குவோரம் கியூ (செய்திகள் காத்திருக்கும் வரிசை, நோடுகளில் நகல் வைக்கும் வகை) பெரும்பான்மையை வைத்து ஓடுகிறது, இரண்டில் ஒன்று விழுந்தால் பெரும்பான்மையே இல்லை. மூன்று நோடிலும் எர்லாங் குக்கி (நோடுகள் ஒன்றையொன்று அடையாளம் காணும் ரகசியச் சொல்) ஒன்றாக இருக்க வேண்டும், ஒன்றின் ஹோஸ்ட்பெயர் மற்றொன்றுக்குத் தெரிய வேண்டும், 4369, 25672 போர்ட்கள் தங்களுக்குள் திறந்திருக்க வேண்டும். கிளஸ்டர் சேராமல் முரண்டு பிடித்தால் முதலில் பார்க்க வேண்டியவை இவைதான்.

பீன்யா கணினியை மட்டும் அந்தக் கிளஸ்டரில் சேர்க்கவே கூடாது. இடையில் இருக்கும் லைன் விட்டு விட்டு வந்தால் கிளஸ்டர் பிளவுபட்டதாக நினைத்துக்கொள்ளும். குடோனில் தனியாக ஒரு புரோக்கரை வைத்து, அதில் ஷவல் பிளகினைப் போடுங்கள். பெயருக்கேற்றபடி அது இங்கிருந்து அள்ளி அங்கே போடும். இணைப்பைத் தொடங்குவது குடோன் பக்கம்தான் என்பதால் அங்கே எந்தப் போர்ட்டையும் வெளியே திறக்க வேண்டாம். அல்சூரில் டிஎல்எஸ் மறையாக்கத்தோடு 5671 திறந்திருந்தால் போதும். ஷவலின் அக் (‘ஆச்சு’ என்ற ஒப்புதல்) முறை ‘ஆன் கன்ஃபர்ம்’ என்றே இருக்கட்டும். அல்சூர் கன்ஃபர்ம் (பெற்றுக்கொண்டேன் என்ற பதில்) சொன்ன பிறகே பீன்யாவில் செய்தி அழியும். லைன் அரை நாள் போனாலும் பில் ஓடும், செய்திகள் குடோனில் காத்திருக்கும். கரண்ட் போகும் இடம் என்பதால் அங்கேயும் குவோரம் கியூவையே வையுங்கள். ஒற்றை நோடில் நகல் இல்லைதான், ஆனால் டிஸ்கில் எழுதி முடித்த பிறகே அது கன்ஃபர்ம் தரும்.

இனி அனுப்பும் பக்கம். பில்லிங் நிரல் புரோக்கருடன் பேசும் சேனலைத் திறந்ததும் கன்ஃபர்ம் முறையை இயக்க வேண்டும். இல்லையென்றால் அனுப்பியது சேர்ந்ததா என்பது யாருக்கும் தெரியாது. இதிலும் பலர் சறுக்கும் ஓரிடம் உண்டு. எக்ஸ்சேஞ்சுக்கு (செய்தியை உரிய கியூவுக்குப் பிரித்து அனுப்பும் பகுதி) வந்த செய்திக்குப் பொருந்தும் கியூ எதுவும் இல்லையென்றால், ராபிட்எம்க்யூ அதைத் தூக்கிப் போட்டுவிட்டு கன்ஃபர்மும் கொடுத்துவிடும்! ரவுட்டிங் கீயில் (எந்தக் கியூவுக்கு என்று காட்டும் முகவரி) ஒரு எழுத்துப் பிழை போதும். ‘மேண்டேட்டரி’ கொடியை வைத்து அனுப்பினால் 312 என்ற எண்ணோடு செய்தி திரும்பி வரும். அல்சூர் எக்ஸ்சேஞ்சுக்கு ஆல்டர்னேட் எக்ஸ்சேஞ்ச் ஒன்றையும் கட்டி, முகவரி இல்லாதவற்றை ஒரு கியூவில் சேர்த்து வையுங்கள்.

பில் டேட்டாபேசில் ஏறியது, செய்தி அனுப்புவதற்குள் நிரல் செத்தது. இதற்கு அவுட்பாக்ஸ் அட்டவணை வேண்டும். பில்லை எழுதும் அதே டிரான்சாக்‌ஷனில் செய்தியையும் அந்த அட்டவணையில் ஒரு வரியாக எழுதுங்கள். தனி நிரல் அதை எடுத்து அனுப்பி, கன்ஃபர்ம் வந்த பிறகே ‘அனுப்பியாச்சு’ என்று குறிக்கட்டும். செய்திக்குள் பில் எண், தனி அடையாள எண், நேரம், வடிவப் பதிப்பு இருந்தால் போதும். பில்லின் பிடிஎஃப்பைத் திணிக்க வேண்டாம், அது இருக்கும் பாதையை அனுப்புங்கள்.

வாங்கும் பக்கத்தில்தான் பாதித் தொல்லை. ஆட்டோ அக் வைத்தால் செய்தி கையில் விழுந்ததுமே கியூவிலிருந்து போய்விடும்; அடுத்த நொடி நிரல் விழுந்தால் பில்லும் அதோடு போச்சு. கைமுறை அக் வையுங்கள், அதையும் டேட்டாபேஸ் கமிட் (பதிவு உறுதி) ஆன பிறகே கொடுங்கள். கமிட்டுக்கும் அக்குக்கும் நடுவில் நிரல் செத்தால் அதே செய்தி மறுபடி வரும், சரக்கு இரண்டு முறை குறையும். அடையாள எண்ணுக்கு யூனிக் கீ உள்ள அட்டவணை ஒன்றை வைத்து, சரக்கைக் குறைக்கும் அதே டிரான்சாக்‌ஷனில் அந்த எண்ணையும் எழுதினால், இரண்டாவது முறை தானாக மோதி நிற்கும். அப்போது அக் மட்டும் கொடுத்துவிட்டு நகருங்கள்.

ப்ரீஃபெட்ச் அளவு (அக் தராமல் ஒரு நிரல் கையில் வைத்திருக்கக்கூடிய செய்திகள்) குறிக்காவிட்டால் வரம்பு இல்லாத மாதிரிதான். ஆயுத பூஜை லீவு முடிந்து வந்து கன்ஸ்யூமர்களை (வாங்கும் நிரல்கள்) ஓட்டும்போது கியூவில் 40,000 செய்தி இருந்தால், முதலில் எழுந்த கன்ஸ்யூமர் ஆயிரக்கணக்கில் வாரிக்கொண்டு மெமரியில் திணறும். 20-ல் தொடங்குங்கள். ஒரு செய்திக்கு 200 மில்லிநொடி ஆகிறதென்றால் அது 4 நொடி வேலை. கையில் அவ்வளவு இருந்தால் போதும். இன்னொன்று, அக் வராமல் 30 நிமிடம் ஆனால் ராபிட்எம்க்யூ 406 பிழையோடு சேனலை மூடி, செய்திகளைக் கியூவில் திரும்பப் போட்டுவிடும். நீண்ட அறிக்கை தயாரிக்கும் வேலைகள் இதில் மாட்டும்.

கெட்ட செய்தி ஒன்று வந்தால்? ‘நேக்’ (முடியவில்லை என்ற பதில்) கொடுத்துத் திரும்பக் கியூவில் போட்டால் உடனே மறுபடி வரும், சிபியு கொதிக்கும். 4-ம் பதிப்பில் குவோரம் கியூ 20 முறைக்கு மேல் பொறுக்காது. ஆனால் டெட் லெட்டர் எக்ஸ்சேஞ்ச் (கைவிட்ட செய்திகளைத் தனிக் கியூவுக்கு அனுப்புவது) கட்டாமல் விட்டிருந்தால், அதன்பின் அந்தச் செய்தி சத்தமில்லாமல் அழியும். கட்டாயம் கட்டுங்கள். டேட்டாபேஸ் கொஞ்ச நேரம் கிடைக்கவில்லை என்பது போன்ற தற்காலிகப் பிழைகளுக்கு, 30,000 மில்லிநொடி டிடிஎல் (செய்தியின் ஆயுட்காலம்) வைத்த காத்திருப்புக் கியூ ஒன்றில் போட்டு, நேரம் முடிந்ததும் பழைய கியூவுக்கே திரும்பும்படி அமையுங்கள்.

டிஸ்கில் இடம் குறைந்தால் அலாரம் அடிக்க இயல்பாக இருக்கும் அளவு 50 எம்பி. அவ்வளவு குறைந்த பிறகு அடித்து என்ன பயன்? 4 ஜிபி என்று மாற்றுங்கள். மெமரி அலாரமோ டிஸ்க் அலாரமோ அடித்தால் கிளஸ்டர் முழுக்க அனுப்பும் இணைப்புகள் நிறுத்தப்படும். ஒரே இணைப்பில் அனுப்பவும் வாங்கவும் செய்தால், அந்த இணைப்பில் வரும் அக்கையும் புரோக்கர் படிக்காது, கியூ வடியவே வடியாது. அனுப்ப ஒன்று, வாங்க ஒன்று என இரண்டு இணைப்பு வையுங்கள்.

நிர்வாகப் பக்கத்தில் தினமும் பார்க்க இரண்டு எண் போதும். ‘ரெடி’ (கியூவில் காத்திருப்பவை) ஏறிக்கொண்டே போய் ‘அன்அக்ட்’ (கொடுத்தும் அக் வராதவை) பூஜ்யமாக இருந்தால் வாங்க ஆளே இல்லை. ‘அன்அக்ட்’ 60-லேயே நிற்கிறது, உங்களிடம் இருப்பதும் 20 ப்ரீஃபெட்ச்சோடு மூன்று கன்ஸ்யூமர் என்றால், மூன்றும் எதிலோ சிக்கி நிற்கின்றன.

நேரலைக்கு விடும் முன், 1 முதல் 1,000 வரை எண் போட்ட சோதனைப் பில்களை அனுப்புங்கள். ஓடும்போதே கன்ஸ்யூமரை வலுக்கட்டாயமாகக் கொல்லுங்கள், ஃபயர்வாலில் 5671-ஐ 10 நிமிடம் அடையுங்கள், அல்சூரில் ஒரு நோடின் பிளக்கைப் பிடுங்குங்கள், பிறகு பீன்யா கணினியின் பிளக்கையும். எல்லாம் திரும்பி வந்த பின் ஸ்டாக் அட்டவணையை எண்ணுங்கள். கன்ஸ்யூமர் லாகில் 1,007 என்று இருந்தாலும் கவலையில்லை, மறுபடி வந்தவை அவை. அட்டவணையில் 1,000 இருக்க வேண்டும். 999 என்றால், விட்டுப்போன எண்ணைப் பிடித்துக்கொண்டு அவுட்பாக்ஸ், முகவரி இல்லாத கியூ, டெட் லெட்டர் கியூ என்று அந்த வரிசையிலேயே தேடுங்கள்.