‘கிட் மங்க் பரோனி’ (1952) படத்தை எப்படி பாக்கணும்: முகத்தை விட்டுட்டு கையை பாருங்க

ஸ்டார் ட்ரெக்ங்கற அமெரிக்க விண்வெளி டிவி சீரியலை பாத்தவங்க யாரும் ஸ்போக்கை மறந்திருக்க மாட்டாங்க, கூரான காது, மேல ஏறின புருவம், எதுக்கும் அசையாத மூஞ்சி. அந்த ஸ்போக்கா நடிச்ச லியோனார்ட் நிமாய் அதுக்கு 14 வருஷம் முன்னாடி, இருபது இருபத்தோரு வயசுல, ஒரு சின்ன பட்ஜெட் பாக்ஸிங் படத்துல ஹீரோவா நடிச்சிருக்கார். படம் பேரு ‘கிட் மங்க் பரோனி’. இதை கேள்விப்பட்டதும் ஆசையா தேடி எடுத்து போடுறவங்க நிறைய பேர், ஆனா பத்து நிமிஷம் ஸ்போக்கை தேடிட்டு, ஆள் அடையாளமே தெரியலயேன்னு நிறுத்திடுவாங்க. நானும் முதல் தடவை அப்படித்தான் நிறுத்துனேன், ஒரு வருஷம் கழிச்சு ஒரு ராத்திரி திரும்ப உக்காந்து முழுசா பாத்தப்போதான் இதை பாக்கறதுக்குன்னு ஒரு வழி இருக்குன்னு புரிஞ்சுது. அதைத்தான் இங்க எழுதுறேன்.

கதையை முன்னாடியே தெரிஞ்சுக்கிட்டா ஒண்ணும் குறைஞ்சிடாது, சொல்லிடறேன். நியூயார்க்ல இத்தாலிக்காரங்க இருக்கற ஏரியா, அங்க பால் பரோனின்னு ஒரு பையன், முகம் விகாரமா இருக்கும், அதை வச்சே ‘மங்க்’னு பட்டப்பேரு. தெருப்பசங்க கும்பலோட சுத்திட்டு இருக்கறவனை சர்ச்சுக்கு புதுசா வர்ற ஃபாதர் கூப்பிட்டு பாக்ஸிங் கத்துக்குடுக்கறார், அப்புறம் ஒரு மேனேஜர் கைல சிக்கி காசுக்கு சண்டை போடுற ஆளாயிடறான், ஜெயிக்கறான், காசு வருது, பிளாஸ்டிக் சர்ஜரி பண்ணி முகத்தை சரி பண்ணிக்கறான். அங்கேருந்துதான் சிக்கலே ஆரம்பிக்குது. புது முகத்துல அடி விழுந்துடக்கூடாதுன்னு க்ளவுஸை முகத்தை விட்டு எடுக்கவே மாட்டேங்கறான், தோக்க ஆரம்பிக்கறான். இந்த ஒரு ஐடியாக்காகவே படத்தை பாக்கலாம், பெரிய பட்ஜெட் பாக்ஸிங் படங்கள்ல கூட இவ்ளோ சுத்தமான ஒரு முடிச்சு கிடைக்கறது கஷ்டம்.

சரி, தேடும்போது கவனிக்க வேண்டியது. இங்கிலாந்துல இது ‘யங் பால் பரோனி’ங்கற பேர்ல ஓடுச்சு, அதனால ஒரு பேர்ல கிடைக்கலன்னா இன்னொரு பேர்ல தேடுங்க. படம் 80 நிமிஷத்துக்கு கிட்ட வரும். கிடைக்கற காப்பி ஒரு மணி நேரம் அஞ்சு நிமிஷம்னு காட்டுச்சுன்னா அது எங்கயோ வெட்டுப்பட்டது, வேற தேடுங்க. இந்த மாதிரி பழைய படங்களை டிவில போடறப்போ விளம்பரத்துக்கு இடம் விட்டு கத்தரிச்சு, அந்த பிரிண்ட்டே அப்புறம் எல்லா இடத்துலயும் சுத்தறது சகஜம். ரெண்டு காப்பி கிடைச்சா நிமிஷத்தை மட்டும் பாக்காம ரெண்டுலயும் ஒரே சண்டைக்காட்சியை ஓட்டி பாருங்க, எதுல ரிங்குக்கு வெளில இருக்கற இருட்டுக்குள்ள ஆளுங்க தலை கொஞ்சமாவது தெரியுதோ அதுதான் நல்ல பிரிண்ட். மோசமான காப்பில கருப்பு எல்லாம் ஒரே தாரா ஒட்டிக்கிட்டு இருக்கும்.

டிவில பாக்கறீங்கன்னா செட்டிங்ஸ்ல போய் படத்தை அகலத்துக்கு இழுக்கற ஆப்ஷனை கண்டிப்பா ஆஃப் பண்ணுங்க. இது பழைய கட்டம், கிட்டத்தட்ட சதுரம், ரெண்டு பக்கமும் கருப்பு பட்டை வரும், வரட்டும். மத்த படத்தை இழுத்து பாத்தாலாவது பரவால்ல, இது ஒருத்தனோட முகத்தை பத்தின படம், இழுத்தீங்கன்னா எது மேக்கப்போட கோணல் எது டிவி பண்ண கோணல்னே தெரியாம போயிடும். அசைவை வழவழன்னு ஆக்குற ஆப்ஷன் இருந்தா அதையும் ஆஃப் பண்ணுங்க, குத்து விழுற வேகமே அதுல செத்துடும். சப்டைட்டில் இல்லன்னா தானா வர்ற கேப்ஷனை ரொம்ப நம்பாதீங்க, ஹெட்ஃபோன் போட்டு கேளுங்க, ஒரு கால் மணி நேரத்துல காது பழகிடும்.

இனி பாக்கற விஷயம். முதல் தடவை ஸ்போக்கை தேடாதீங்க, இதை எவ்ளோ அழுத்தி சொன்னாலும் தகும். முகத்துல மேக்கப் ஒட்டியிருக்காங்க, அவரோட மூஞ்சி உங்களுக்கு சர்ஜரிக்கு அப்புறம்தான் கிடைக்கும். அதுவரைக்கும் முகத்தை விட்டுட்டு கையை பாருங்க. சும்மா நிக்கறப்போ கை எங்க இருக்கு, அவன் விரும்பற பொண்ணு எமிலிகிட்ட பேசறப்போ எங்க போகுது, ஃபாதர் முன்னாடி என்ன பண்ணுது. முகத்தை மூடிட்டா ஒரு நடிகனுக்கு மிச்சம் இருக்கறது குரலும் உடம்பும்தான், அதை வச்சு ஒரு சின்னப்பையன் முழு படத்தையும் தூக்க பாக்கறார், சில இடத்துல தூக்கவும் செய்றார். ஒரு நிமிஷம் கண்ணை மூடிட்டு வசனத்தை மட்டும் கேளுங்க, பின்னாடி வரப்போற குரல் அங்கயே இருக்கும்.

இத்தாலிக்கார பையனா அவர் எப்படி பொருந்தினார்னு தோணும். நிமாய் பாஸ்டன்ல வெஸ்ட் எண்ட்ங்கற ஏரியால வளர்ந்தவர், அப்பா அம்மா உக்ரைன் பக்கத்துலேருந்து வந்த யூதர்கள், அப்பா முடி வெட்டற கடை வச்சிருந்தார். அந்த வெஸ்ட் எண்ட்ல யூதக் குடும்பமும் இத்தாலிக் குடும்பமும் ஒரே தெருவுல அடுத்தடுத்து இருந்தவங்க, அதனால இந்த பசங்களோட நடை, பேச்சு, கோவம் எல்லாம் அவருக்கு ஜன்னலை திறந்தா தெரியற விஷயம்தான். 1950கள் கடைசில அந்த ஏரியாவையே இடிச்சு தரைமட்டமாக்கிட்டாங்க. அதை தெரிஞ்சுக்கிட்டு பாத்தா தெருக்காட்சிகள்ல ஒரு கனம் வரும்.

இப்போ சண்டைக்காட்சிகள், இங்கதான் நிதானமா உக்காரணும். குத்தறவனை பாக்காதீங்க, குத்து வாங்கறவனை பாருங்க. சினிமால க்ளவுஸ் முகத்துல படறதே இல்ல, சில இன்ச் தள்ளி போகும், அந்த இடைவெளி தெரியாத மாதிரி கேமராவை தோளுக்கு பின்னாடி வச்சிடுவாங்க, அடி வாங்கறவன் சரியான நொடில தலையை வெட்டினாத்தான் அது அடி. காசு இருக்கற படத்துல இதை மறைக்க ஆயிரம் வழி உண்டு. 1947ல ‘பாடி அண்ட் சோல்’ங்கற பாக்ஸிங் படத்துக்கு ஒளிப்பதிவாளர் ஜேம்ஸ் வாங் ஹோவ் காலுல ரோலர் ஸ்கேட் மாட்டிக்கிட்டு கைல கேமராவோட ரிங்குக்குள்ள சுத்தி எடுத்தார், அந்த சண்டையை இன்னிக்கு பாத்தாலும் மூச்சு வாங்கும். ரியல்ஆர்ட்ங்கற கம்பெனி வெளியிட்ட இந்த சின்ன படத்துல அந்த வசதியை எதிர்பாக்க முடியாது. ரியல்ஆர்ட்டோட முக்கிய பிசினஸே யுனிவர்சல் ஸ்டுடியோவோட பழைய படங்களை திரும்ப ரிலீஸ் பண்றதுதான், சொந்தமா படம் எடுக்கறது பக்கத்தொழில் மாதிரி. அதனால பிரம்மாண்டத்தை தேடாம ஷாட் எங்க வெட்டப்படுது, கூட்டத்தை எவ்ளோ நேரம் காட்டுறாங்கன்னு கவனிங்க, பணம் இல்லாத இடத்துல என்ன யோசிச்சிருக்காங்கன்னு தெரியும்.

அப்புறம் சர்ஜரிக்கு முன்னாடி ஒரு சண்டை, பின்னாடி ஒரு சண்டை, ரெண்டையும் அடுத்தடுத்து ஓட்டி கையோட உயரத்தை மட்டும் பாருங்க. பாக்ஸிங் தெரிஞ்சவங்க ஒண்ணு கேப்பாங்க, கையை மேல வச்சு முகத்தை காப்பாத்தறது சரியான விஷயம்தானே, கோச் எல்லாம் அதைத்தானே கத்தறாங்க, அப்புறம் ஏன் தோக்கறான்? காரணம் இருக்கு. மங்க் மாதிரி ஆளோட பலமே ரெண்டு அடி வாங்கிட்டாவது உள்ள புகுந்து கிட்ட நின்னு அடிக்கறதுதான். அந்த மாதிரி ஆள் கையை முகத்துலயே ஒட்டி வச்சுட்டா ரெண்டு விஷயம் நடக்கும், விலா எலும்பும் வலது பக்கம் கல்லீரல் இருக்கற இடமும் திறந்து கிடக்கும், அதை விட முக்கியம், அடிக்க கையே மிச்சம் இருக்காது. க்ளவுஸ் முகத்துலேருந்து கிளம்பினாத்தானே குத்து. கிளம்பினா முகம் திறக்கும். திறக்க மனசு வராது. ஒருத்தன் பயந்துட்டான்னு வசனமே இல்லாம கையோட உயரம் சொல்லிடுது.

குறை இல்லாத படம்னு சொல்ல மாட்டேன். பொண்ணுங்களை ஒருத்தி நல்லவ ஒருத்தி காசுக்கு வந்தவன்னு கோடு போட்டு பிரிச்சிருக்காங்க, முகம் சரியில்லாதவன்னா குணமும் முரட்டுத்தனம்தான்னு காட்டற பழக்கம் இன்னிக்கு பாக்கறப்போ உறுத்தும், ஃபாதர் கொஞ்சம் அதிகமாவே புத்தி சொல்றார். ஆனா மேனேஜரா வர்ற ப்ரூஸ் கேபட்டை விட்டுடாதீங்க, 1933 ‘கிங் காங்’ல ஹீரோயினை காப்பாத்தின அதே ஆளு, ஏறிட்டு இறங்கினவரும் இன்னும் ஏறவே ஆரம்பிக்காதவரும் ஒரே ஃப்ரேம்ல. ஜாக் லார்சனும் இருக்கார், கொஞ்ச நாள்ல சூப்பர்மேன் டிவி சீரியல்ல ஜிம்மி ஓல்சனா வீடு வீடா போயிட்டார். நிமாய்க்கு அப்படி எதுவும் நடக்கல. அதே 1952ல தியேட்டர்ல பகுதி பகுதியா ஓடுன ஒரு தொடர்படத்துல செவ்வாய் கிரகத்து ஆளா சின்ன ரோல், அப்புறம் ராணுவம், திரும்பி வந்து டாக்ஸி ஓட்டிக்கிட்டே டிவில ஒரு நாள் ரெண்டு நாள் வேஷம். ஸ்போக் வர 1966 ஆச்சு.

ரெண்டாவது தடவை பாக்கறப்போ இதெல்லாம் மனசுல இருக்கட்டும், அப்போ வேணா ஸ்போக்கை தேடுங்க. பாத்து முடிச்ச கையோட தூங்கப் போகாம ஸ்டார் ட்ரெக்ல ‘அமோக் டைம்’ எபிசோடை போடுங்க, 1967 செப்டம்பர்ல வந்தது, ரெண்டாவது சீசனோட முதல் எபிசோட். அதுலயும் ஒரு சண்டைக்களம், சுத்தி ஆளுங்க, ஸ்போக் தன் கேப்டனையே எதிர்த்து நிக்கறார். ஸ்போக் விரலை ரெண்டு ரெண்டா பிரிச்சு காட்டற அந்த வணக்கம் முதல் தடவையா வந்ததும் அந்த எபிசோட்லதான், அது நிமாயே கொண்டுவந்தது. சின்ன வயசுல பாஸ்டன்ல யூதக் கோயில்ல ஆசீர்வாதம் நடக்கறப்போ முகத்தை மூடிக்கோ பாக்காதேன்னு அப்பா சொன்னாராம், இவர் மெதுவா திறந்து எட்டிப் பாத்திருக்கார், அங்க பெரியவங்க கை அப்படி விரிஞ்சு இருந்துச்சாம். அந்த ஷாட் வர்றப்போ நிறுத்தி வச்சிட்டு, க்ளவுஸுக்குள்ள மடங்கி முகத்தை மூடிக்கிட்டு நின்ன மங்கோட கையை ஒரு தடவை நினைச்சு பாருங்க, அதே கைதான்.