மலிவாகப் பழக்கன்று வாங்கலாம், வேர்ச்செடியைத் தெரிந்துகொண்டால்

பழக்கன்று வாங்கப் போகிறவர்கள் நர்சரியில் பெரும்பாலும் இரண்டு கேள்விகள்தான் கேட்கிறார்கள்: என்ன ரகம், என்ன விலை? மூன்றாவதாக, "இதை எந்த வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டினீர்கள்?" என்றும் கேளுங்கள். முப்பது நாற்பது வருடம் நிற்கப்போகும் மரத்துக்கு இந்தக் கேள்வியே முக்கியம் என்பேன். மலிவான கன்று என்றாலே மட்டமான கன்று என்ற பயமும் வேண்டாம். எங்கே மிச்சம் பிடிக்கலாம், எங்கே கூடாது என்று தெரிந்தால் போதும்.

முதலில் அடிப்படை. ஒட்டுக்கன்று என்பது இரண்டு செடிகள் சேர்ந்த ஒன்று. கீழ்ப்பாதி, பெரும்பாலும் விதையிலிருந்து முளைத்த வேர்ச்செடி. மேல்பாதி, நன்றாகக் காய்க்கும் தாய்மரத்திலிருந்து வெட்டி இணைத்த குச்சி. பழத்தின் சுவையும் நிறமும் பெரும்பாலும் மேல்பாதியைப் பொறுத்தவை. மண்ணைப் பிடித்து நிற்பதும், வறட்சியையும் உப்புத் தண்ணீரையும் தாங்குவதும், மரத்தின் வீரியமும் கீழ்ப்பாதியைப் பெரிதும் பொறுத்தவை.

படி 1: எதற்கு ஒட்டு வேண்டும், எதற்கு வேண்டாம்?

எலுமிச்சைக்கு ஒட்டுக்கன்று தேடிக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை. அதன் ஒரே விதையிலிருந்து பல முளைகள் வரும். அவற்றில் பெரும்பாலானவை தாயின் திசுவிலிருந்தே உருவாவதால் தாய்மரத்தைப் போலவே காய்க்கும். நல்ல மரத்து விதையில் வளர்ந்த கன்று என்றால் தாராளமாக வாங்கலாம். கொய்யாவும் மாதுளையும் பெரும்பாலும் பதியன் கன்றுகளாகவே கிடைக்கின்றன. பதியன் என்பது தாய்மரத்தின் கிளையிலேயே வேர்விடவைத்துப் பிரித்தெடுத்த கன்று. அதற்குத் தனி வேர்ச்செடி கிடையாது, தன் வேரிலேயே நிற்கும். விலையும் குறைவு.

மா, சப்போட்டா, பெருநெல்லி ஆகியவற்றில் விதைக்கன்று வாங்கவே வாங்காதீர்கள். விதையில் வளர்ந்த மா காய்க்க ஆறேழு வருடமோ அதற்கு மேலோ ஆகலாம். அப்போதும் என்ன பழம் வரும் என்று சொல்ல முடியாது. ஒட்டுமா மூன்று நான்கு வருடத்தில் காய்ப்புக்கு வந்துவிடும்.

படி 2: வேர்ச்செடியைக் கேளுங்கள்

சப்போட்டாவில் இந்தக் கேள்விக்கு ஒரே சரியான பதில்தான் உண்டு: பாலை. நம் கிழக்குக் கடற்கரையோர வறண்ட காடுகளிலும் இலங்கையின் வடபகுதியிலும் தானாக வளரும் மரம் இது. சப்போட்டாவின் நெருங்கிய உறவு. சப்போட்டா விதையிலேயே முளைத்த வேரைவிடப் பாலை வேரில் ஒட்டிய மரம் செழித்து வளர்ந்து அதிகம் காய்க்கிறது. ஆனால் பாலை நாற்று மிக மெதுவாகத்தான் வளரும். ஒட்டுக்கட்டும் பருமனுக்கு வரவே ஒன்றரை, இரண்டு வருடம் பிடிக்கும். சப்போட்டா ஒட்டின் விலை மாங்கன்றைவிடக் கூடுதலாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். யாராவது பாதி விலைக்குச் சப்போட்டா தருகிறார் என்றால், எந்த வேர் என்று கேட்டுவிட்டுப் பணத்தை எடுங்கள். இந்தப் பழத்தில் மட்டும் வேருக்காகக் கூடுதலாகக் கொடுப்பதில் தயங்க வேண்டாம்.

மாவின் நிலைமை வேறு. பழக்கூழ் ஆலைகளில் மிஞ்சும் கொட்டைகளை வாங்கி முளைக்கவைத்து ஒட்டுக்கட்டுவது நர்சரிகளில் வழக்கம். அந்தக் கொட்டைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு குணம் கொண்டவை என்பதால், ஒரே ரகத்தை ஒரே நாளில் நட்டாலும் ஒரு மரம் ஓங்கியும் இன்னொன்று ஒடுங்கியும் வளரலாம். ஆராய்ச்சிகளில் வெள்ளைக்கொழும்பான் என்ற மா ரகத்தின் வேரில் ஒட்டிய அல்போன்சா குட்டையாக நின்றிருக்கிறது. ஆனால் அப்படி வேரின் பெயர் எழுதிய மாங்கன்று சாதாரண நர்சரியில் கிடைப்பது அரிது. இங்கிலாந்தில் ஆப்பிள் வாங்குகிறவர்கள் எம்9, எம்26 என்று வேரின் எண்ணைச் சொல்லி, மரத்தின் உயரத்தையே தேர்ந்தெடுக்கிறார்கள். நமக்கு மாவில் அந்த வசதி இன்னும் வரவில்லை. ஆகவே "குட்டை மா" என்ற விளம்பரத்துக்குக் கூடுதல் பணம் கொடுக்குமுன் ரகத்தைக் கேளுங்கள். ஆம்ரபாலி போன்றவை ரகத்தாலேயே அடக்கமானவை. மற்றவற்றைக் கவாத்து செய்துதான் அடக்க வேண்டும்.

சாத்துக்குடி என்றால், எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்த ரங்பூர் லைம் அல்லது ரஃப் லெமன் வேரில் மொட்டு ஒட்டியதா என்று கேளுங்கள். உப்புத் தண்ணீர் உள்ள இடத்தில் திராட்சை போடுகிறவர்கள் டாக்ரிட்ஜ் வேரைத் தேடுவது அது உப்பைத் தாங்குவதால்தான்.

படி 3: கன்றைச் சோதியுங்கள்

ஒட்டு இணைந்த இடத்தைத் தடவிப் பாருங்கள். தழும்பு மூடியிருக்க வேண்டும், வெடிப்பு கூடாது. மேலும் கீழும் ஏறக்குறைய ஒரே பருமன் இருப்பது நல்லது. விதைக்கன்றின் மீது வெறும் பாலித்தீன் நாடாவைச் சுற்றி ஒட்டு என்று விற்பவர்களும் உண்டு. நாடாவுக்குக் கீழே வெட்டுத் தழும்பு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

உயரத்தைப் பார்த்து மயங்காதீர்கள். சிறிய பையில் நெடுநாள் கிடந்த உயரமான கன்றின் வேர் உள்ளேயே சுருண்டிருக்கும். பையைத் துளைத்துத் தரையில் இறங்கிய வேரைப் பிடுங்கி எடுத்துக் கொடுத்தால் ஆணிவேர் அறுந்துபோகும். இளசான சிறிய கன்று விலையும் குறைவு, வேகமாகவும் பிடிக்கும். பையிலேயே பூத்து நிற்கும் மாங்கன்றைப் பார்த்தும் மயங்காதீர்கள். அந்தப் பூ தாய்மரக் குச்சியின் முதிர்ச்சியைக் காட்டுகிறதே தவிர, கன்றின் வலுவைக் காட்டவில்லை.

கொய்யாவுக்கு ஒரு சோதனை கூடுதலாகத் தேவை. வேர்முடிச்சு நூற்புழு தமிழ்நாட்டில் பல கொய்யாத் தோட்டங்களைச் சீரழித்திருக்கிறது. கன்றின் வேரிலும் பை மண்ணிலும் ஒட்டிக்கொண்டு அது புதிய நிலத்துக்கு வந்துவிடும். நூறு கன்று வாங்குவதாக இருந்தால், முதலில் ஒன்றை மட்டும் வாங்கி, பையைக் கிழித்து, வேரைத் தண்ணீரில் அலசிப் பாருங்கள். மணி மணியாக வீக்கம் தெரிந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

படி 4: மலிவாக எங்கே வாங்குவது?

தோட்டக்கலைத் துறையின் அரசுப் பண்ணைகள், பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி, உங்கள் மாவட்டத்து வேளாண் அறிவியல் நிலையம் ஆகிய இடங்களில் முதலில் விசாரியுங்கள். தாய்மரம் எது என்று அங்கே கேட்டுத் தெரிந்துகொள்ள முடியும். நிறைய மாங்கன்று தேவைப்பட்டால் கிருஷ்ணகிரி மாவட்டம் சந்தூர் பக்கம் போய்வாருங்கள். அங்கே ஒட்டுக்கட்டுவது ஊர்த் தொழில். உற்பத்தி நடக்கும் இடத்திலேயே வாங்கினால் இடைத்தரகும் லாரி வாடகையும் மிச்சம்.

படி 5: நடுவது

மாவுக்கும் சப்போட்டாவுக்கும் ஒரு மீட்டர் நீளம், அகலம், ஆழத்தில் குழி எடுங்கள். மழை தொடங்கிய பிறகு, மண் உதிராமல் பையைக் கிழித்து, ஒட்டுப் பகுதி தரைக்கு மேல் 15 செ.மீ. ஆவது இருக்கும்படி நடுங்கள். இணைப்பு அதைவிடத் தாழ்வாக இருந்தால், பையில் இருந்த மண்மட்டத்துக்கு மேல் மண் ஏற்றாதீர்கள். நாடா இன்னும் இருந்தால் அவிழ்த்துவிட்டு, காற்றில் ஒட்டு முறியாமல் குச்சி நட்டுக் கட்டுங்கள்.

அதன்பின் மாதத்துக்கு ஒருமுறை ஒட்டுக்குக் கீழே துளிர் வந்திருக்கிறதா என்று பார்த்துக் கிள்ளி எறியுங்கள். விட்டுவைத்தால் வேர்ச்செடியே மரமாகி, நீங்கள் வாங்கிய ரகத்தை அமுக்கிவிடும். மாவில் வேர்ச்செடியின் இலையும் ஒட்டின் இலையும் ஒரே மாதிரி இருப்பதால் தழும்பை வைத்துத்தான் பிரித்தறிய வேண்டும். சப்போட்டாவில் இலையே காட்டிக்கொடுக்கும்: சப்போட்டா இலை நுனி குறுகி முடியும், பாலை இலையின் நுனி நடுவில் சற்று உள்வாங்கிப் பிளந்திருக்கும்.