தோற்றதற்கெல்லாம் மேனேஜரா? பேஸ்பால் ரசிகர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பேஸ்பாலில் மேனேஜர் என்பவர் அலுவலகத்தில் அமர்ந்து கணக்குப் பார்ப்பவர் அல்லர். கிரிக்கெட்டில் கேப்டனும் பயிற்சியாளரும் பகிர்ந்துகொள்ளும் பொறுப்பைக் களத்தின் ஓரத்தில் நின்றபடி ஒருவராகவே சுமப்பவர். பேட்டிங் வரிசையும் பிட்சரை, அதாவது பந்து வீசுபவரை, மாற்றும் நேரமும் அவர் கையில் இருப்பதாலும், அவை எல்லோர் கண்ணுக்கும் தெரிவதாலும், அணி தோற்ற இரவில் பழி நேராக அவர் தலையில் விழுகிறது. அதில் பெரும்பகுதி அளவுக்கு மீறியது என்றே நினைக்கிறேன், முழுவதும் அல்ல.

பெரிய தவறு, முடிவின் தரத்தை விளைவை வைத்து அளப்பது. 2003 அக்டோபர் 16 அன்று யாங்கி ஸ்டேடியத்தில், அமெரிக்கன் லீக் இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில், எட்டாவது இன்னிங்ஸில் நியூயார்க் யாங்கீஸ் பேட் செய்யத் தொடங்கும்போது பாஸ்டன் ரெட் சாக்ஸ் 5-2 என முன்னிலையில் இருந்தது. யாங்கீஸ் ஒரு ரன் எடுத்ததும் ரெட் சாக்ஸ் மேனேஜர் கிரேடி லிட்டில் பிட்சர் நிற்கும் மேட்டுக்கு நடந்து சென்றார். பிட்சர் பெட்ரோ மார்ட்டினெஸிடம் இரண்டு வார்த்தை பேசினார். பந்தை வாங்காமலே, அதாவது அவரை மாற்றாமலே, திரும்பி வந்தார். யாங்கீஸின் மட்சுயும் பொசாடாவும் அடுத்தடுத்து டபுள் (இரண்டாவது பேஸை எட்டும் அடி) அடிக்க, ஆட்டம் 5-5 ஆனது. 11-வது இன்னிங்ஸில் யாங்கீஸின் ஆரன் பூன் அடித்த ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸரைப் போல எல்லையைத் தாண்டும் அடி) கதையை முடித்தது. அந்த மாதமே லிட்டிலின் வேலையும் போயிற்று.

2020 உலகத் தொடரின் (இரு லீக் சாம்பியன்களும் மோதும் இறுதித் தொடர்) ஆறாவது ஆட்டத்தில் நடந்தது இதற்கு நேர்மாறு. டாம்பா பே ரேஸ் 1-0 என முன்னிலையில் இருக்க, 9 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்து (மூன்று ஸ்ட்ரைக்கில் ஆட்டமிழக்கச் செய்து) 73 பந்துகளே வீசியிருந்த பிளேக் ஸ்னெல்லை மேனேஜர் கெவின் கேஷ் ஆறாவது இன்னிங்ஸில் வெளியே எடுத்தார். டாட்ஜர்ஸ் 3-1 என வென்று கோப்பையையும் கைப்பற்றியது. பிட்சரை விட்டுவைத்தாலும் குற்றம், எடுத்தாலும் குற்றம் என்றால் மேனேஜர் என்னதான் செய்வார்?

முடிவெடுத்த அந்த நொடியில் அவருக்கு என்ன தெரிந்திருந்தது என்பதே கேட்க வேண்டிய கேள்வி. 100 பந்துகளைத் தாண்டினால் பெட்ரோவை எதிரணியினர் எளிதாக அடிக்கிறார்கள் என்பது அந்தப் பருவத்திலேயே ஊரறிந்த செய்தி. அன்று அவர் வீசியவை 123. ஆகவே லிட்டில் மீதான குறை நியாயமானது. ஒரே பிட்சரை மூன்றாம் முறை சந்திக்கும் பேட்டர்கள் பொதுவாக நன்றாக அடிக்கிறார்கள் என்பதால் கேஷின் முடிவுக்கு அடிப்படை இருந்தது. ஆயினும் அன்று டாட்ஜர்ஸ் பேட்டர் பெட்ஸை இரண்டு முறையும் ஸ்ட்ரைக் அவுட் செய்திருந்த ஸ்னெல்லுக்குப் பதிலாக, முந்தைய ஆட்டங்களில் தொடர்ந்து ரன் கொடுத்துவந்த நிக் ஆண்டர்சனை இறக்கியதைக் கேட்கலாம். அத்துடன், ஒன்பது இன்னிங்ஸிலும் சேர்த்து ஒரே ஒரு ரன் எடுத்த ரேஸ் பேட்டர்களையும் கேட்க வேண்டும். அதை யாரும் கேட்பதில்லை.

களத்தில் நிற்பவர்களின் பிழையை மேனேஜர் கணக்கில் எழுதுவதும் வழக்கமாகிவிட்டது. 2003-இல் ஹோம் ரன் அடித்த அதே ஆரன் பூன் 2018 முதல் யாங்கீஸ் மேனேஜராக இருந்து, இப்போது அந்த ரசிகர்களிடமே வசை வாங்குகிறார். 2024 உலகத் தொடரின் முதல் ஆட்டத்தில், ஒரு மாதத்துக்கு மேல் பந்து வீசாத நெஸ்டர் கோர்ட்டெஸை அவர் இறக்க, டாட்ஜர்ஸின் ஃப்ரெடி ஃப்ரீமன் கிராண்ட் ஸ்லாம் (நான்கு ரன் தரும் ஹோம் ரன்) அடித்தார்; அதற்கு அவர் பதில் சொல்லத்தான் வேண்டும். ஆனால் 5-0 என முன்னிலை பெற்றும் 7-6 எனத் தோற்ற ஐந்தாவது ஆட்டம் வேறு. யாங்கீஸ் வீரர் ஆரன் ஜட்ஜ் கைக்கு வந்த பந்தை நழுவவிட்டார். வோல்ப்பியின் எறிதல் பிசகியது. பிட்சர் கோல், பேட்டரை அவுட் ஆக்க முதல் பேஸுக்கு ஓடவே இல்லை. இந்த மூன்றும் ஒரே இன்னிங்ஸில் நடந்தன.

வீரர்களைத் தேர்ந்தெடுத்து ஒப்பந்தம் செய்பவர் ஜெனரல் மேனேஜர் என்பதையும் மறந்துவிடுகிறோம். பெயர் ஒன்றுபோல் இருந்தாலும் பதவி வேறு. வலுவில்லாத புல்பென்னை (மாற்றுப் பிட்சர்களின் குழுவை)க் கட்டிக் கொடுத்தவரை விட்டுவிட்டு, அதிலிருந்து ஒருவரை அழைத்தவரைத் திட்டுவது முகவரி மாறிப் போட்ட கடிதம்.

மேனேஜரை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்கள் 2022 பிலடெல்பியா ஃபில்லீஸைக் காட்டுவார்கள். 22 வெற்றி, 29 தோல்வி என்றிருந்தபோது ஜோ ஜிரார்டியை நீக்கி ராப் தாம்சனை நியமித்தார்கள். அணி உலகத் தொடர் வரை சென்றது. தாம்சனுக்குப் பங்கு உண்டு. ஆனால் அந்த வீரர்களின் தரத்துக்கு அந்தத் தொடக்கமே பொருந்தாதது; 162 ஆட்டங்கள் கொண்ட பருவத்தில் அத்தகைய சரிவு தானாகவும் சீராவதுண்டு.

ஸ்னெல்லை எடுத்ததற்காக ஏச்சு வாங்கிய கேஷுக்கு, அடுத்த மாதமே அமெரிக்கன் லீக்கின் சிறந்த மேனேஜர் விருது கிடைத்தது. பிளே-ஆஃப் தொடங்கும் முன்பே போடப்பட்ட வாக்குகள் அவை. சுருக்கப்பட்ட அந்தப் பருவத்தின் 60 ஆட்டங்களில் அவருடைய அணி 40-இல் வென்றிருந்தது.